படை இல்லாத தூதுவன் டாலிராண்ட்



இந்த ஆண்டு மலருக்கு ஒரு பெரிய மனிதர் வரலாறு எழுதிக் கொடுடா என்று பேரவைச் செயலாளர் என்னிடம் கேட்டான். நான் டாலிராண்ட் பற்றி எழுதறேன் என்றேன். யாருடா அது, கிரிக்கெட் பிளேயரா என்று கேட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஆறு மாதத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன். ஐரோப்பாவில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த பெயர் அது. நமக்குத்தான் புதுசு.

இவரை நான் தேடிப் போகவில்லை. எங்கள் பிராஜெக்ட்தான் என்னை இவரிடம் கொண்டுபோய் விட்டது. ஆகவே பிராஜெக்ட் கதையை முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் வரலாற்றுக்கு வருகிறேன்.

பிராஜெக்டில் விழுந்த ஓட்டை

நாங்கள் நான்கு பேர் ஒரு டீம். இறுதியாண்டு பிராஜெக்டாக ஒரு ஸ்ட்ராடஜி கேம் செய்வது என்று முடிவெடுத்தோம். ஐந்து நாடுகள், ஒரு வரைபடம், படை, வரி, விவசாயம். ஆட்டக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக ஆட வேண்டும். அதில் ராஜதந்திரம் என்று ஒரு பகுதியை எழுதுவது என் பொறுப்பு.

நான் என்ன செய்தேன்? செல்வாக்கு என்று ஓர் எண் வைத்தேன். பூஜ்யத்திலிருந்து நூறு வரை. பத்து பொன் கொடுத்தால் ஐந்து புள்ளி ஏறும். புள்ளி ஏறினால் அந்த நாடு உங்களைப் பார்த்துச் சிரிக்கும். அவ்வளவுதான்! கோடிங் சுத்தமாக ஓடியது. ஒரு எரர்கூட இல்லை.

இரண்டாமாண்டு தம்பிகளைக் கூப்பிட்டு லேபில் ஆடச் சொன்னோம். ஒருத்தன்கூட ராஜதந்திரம் பட்டனைத் தொடவில்லை. பொன் கிடைத்ததும் படை வாங்கினார்கள், பக்கத்து நாட்டில் புகுந்தார்கள். படையை இழந்தவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். எங்கள் கைடு சார் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி, இந்தச் செல்வாக்கை வைத்து ஒருத்தன் என்ன செய்யலாம், அது இல்லாவிட்டால் என்ன நஷ்டம், ஒரே வரியில் சொல்லு என்று கேட்டார். எனக்கு வாயே திறக்கவில்லை.

பெரிய கம்பெனிகளும் இதில் தடுமாறியிருக்கின்றன என்பது பிறகுதான் தெரிந்தது. 2010-ல் வந்த சிவிலைசேஷன் 5 கேமில் சிறு நகர நாடுகள் உண்டு. பொன்னைக் கொட்டினால் அவற்றின் நட்பு கிடைக்கும், கொட்டாவிட்டால் நாளாக நாளாக அது தேயும். கடைசியில் ஐ.நா. சபை ஓட்டெடுப்பில் ஜெயிப்பதைத்தான் ராஜதந்திர வெற்றி என்றார்கள். அது பணத்தின் வெற்றிதானே என்று ஆடியவர்களே குறை சொன்னார்கள். என் ஹாஸ்டல் நண்பனின் பழைய லேப்டாப்பில் ஆடிப் பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

உண்மையான உலகத்தில், படையே இல்லாத ஒருவன் வெறும் பேச்சால் எதையாவது சாதித்திருக்கிறானா? இந்தக் கேள்வியோடு நம் கல்லூரி நூலகத்தில் ஐரோப்பிய வரலாறு புத்தகத்தைப் புரட்டினேன். அங்கேதான் அந்த நொண்டிக்கால் மனிதரைச் சந்தித்தேன்.

பிறப்பும் இளமையும்

சார்ல்ஸ் மாரிஸ் த டாலிராண்ட் 1754-ல் பாரிஸ் நகரில் ஒரு பழைய பிரபுக் குடும்பத்தில் பிறந்தார். அண்ணன் சிறு வயதிலேயே இறந்துவிட்டதால் இவரே மூத்த மகன் ஆனார். அந்தக் காலத்துப் பிரபு வீட்டு வழக்கப்படி மூத்த மகன் பட்டாளத்துக்குப் போக வேண்டும், குடும்பப் பட்டமும் சொத்தும் அவனுக்கு வரும். ஆனால் இவருக்கு ஒரு கால் ஊனம். கைக்குழந்தையாக இருந்தபோது உயரத்திலிருந்து விழுந்ததால் வந்தது என்பார்கள். பிறவியிலேயே இருந்தது என்பாரும் உண்டு. எப்படியோ, நொண்டும் பிள்ளை பட்டாளத்துக்கு ஆகாது என்று மூத்த மகன் உரிமையை இவரிடமிருந்து எடுத்துத் தம்பிக்குக் கொடுத்துவிட்டார்கள். இவரைச் சர்ச் படிப்புக்கு அனுப்பினார்கள்.

நண்பர்களே, இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தேன். பிரபு வீட்டுப் பிள்ளைக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. ஆனாலும் கையில் இருந்ததைப் பிடுங்கிக்கொண்டு, இனி நீ உன் வாயையும் மூளையையும் வைத்துப் பிழைத்துக்கொள் என்று அந்தச் சிறுவனிடம் சொல்லியிருக்கிறார்கள். அது எனக்குப் புரிந்தது.

1779-ல் பாதிரியார் ஆனார். அடுத்த ஆண்டே பிரெஞ்சு மதகுருமார்களின் பொது முகவர் பதவி கிடைத்தது. சர்ச்சுக்கு எவ்வளவு நிலம், எவ்வளவு வருமானம் என்ற கணக்கெல்லாம் இவர் கைக்கு வந்தது. பக்தி குறைவு, கணக்கு அறிவு அதிகம். 1788-ல், 34 வயதில் ஓட்டன் நகரத்துப் பிஷப்பாக நியமிக்கப்பட்டார்.

புரட்சியும் நம் ஸ்டீல் ரூலும்

1789-ல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. அரசாங்கம் திவாலாகிக் கிடந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 10 அன்று சர்ச் சொத்துக்களை நாட்டுடைமை ஆக்க வேண்டும் என்று சபையில் தீர்மானம் கொண்டுவந்தவர் யார் தெரியுமா? பிஷப் டாலிராண்டேதான்! நவம்பர் 2 அன்று அது நிறைவேறியது. சர்ச் உலகம் இவரைத் துரோகி என்றது. 1791-ல் போப்பாண்டவர் இவரை மத விலக்கம் செய்தார்.

பாலிடெக்னிக் மாணவர்களாகிய நாம் கவனிக்க வேண்டிய செய்தி வேறொன்று. அந்நாளில் பிரான்சில் ஊருக்கு ஒரு முழம், சந்தைக்கு ஒரு படி. வியாபாரி வைத்ததே அளவு. 1790-ல் நாடு முழுமைக்கும், முடிந்தால் எல்லா நாடுகளுக்கும் பொதுவாக, இயற்கையிலிருந்து எடுத்த ஒரே அளவு வேண்டும் என்று சபையில் முன்மொழிந்தவர் டாலிராண்ட். ஒரு பக்க ஆட்டத்துக்குச் சரியாக ஒரு விநாடி எடுக்கும் ஊசலின் நீளத்தை அடிப்படை ஆக்கலாம் என்றார். நாம் படித்த தனி ஊசல் கணக்குத்தான். போட்டுப் பாருங்கள், சுமார் 99.4 சென்டிமீட்டர் வரும். பிறகு விஞ்ஞானிகள் ஊசலை விட்டுவிட்டுப் பூமியின் சுற்றளவை எடுத்துக்கொண்டார்கள். மீட்டர் பிறந்தது. ஒர்க்‌ஷாப்பில் நாம் பிடிக்கும் ஸ்டீல் ரூலுக்கும் இந்த நொண்டிப் பிஷப்புக்கும் இப்படி ஒரு பந்தம்!

1791-ல் பொதுக்கல்வி பற்றி ஒரு பெரிய அறிக்கையும் சமர்ப்பித்தார். ஆரம்பக் கல்வி எல்லாருக்கும் இலவசமாக இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. சபை அதை நிறைவேற்றாமலே கலைந்துவிட்டது. எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். அப்பா மண்டியில் மூட்டை தூக்குகிறார். அம்மா கிடைத்த கூலி வேலைக்குப் போகிறார். அதனால் இந்த ஒரு வரியை நான் அவ்வளவு லேசாகத் தாண்டிப் போக முடியவில்லை.

புரட்சி ரத்த வெறி பிடிக்கும் நேரத்தில் இவர் லண்டனில் இருந்தார். பாரிசில் கைது உத்தரவு. 1794-ல் இங்கிலாந்தும் வெளியேறு என்றது. அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறி, அங்கே நிலம் வாங்கி விற்கும் தொழில் பார்த்துக் காலம் ஓட்டினார். 1796-ல் நாடு திரும்பி, 1797 ஜூலையில் வெளியுறவு அமைச்சர் ஆனார்.

கறை படிந்த கை

இவரை உத்தமர் என்று நான் எழுதப் போவதில்லை. அப்படி எழுதினால் பொய்.

அமைச்சரான சில மாதத்தில் அமெரிக்கத் தூதர்கள் மூன்று பேர் பாரிசுக்கு வந்தார்கள். பேச்சு தொடங்க வேண்டுமானால் 50,000 பவுன் தர வேண்டும் என்று ஆள் விட்டுக் கேட்டார். 1798-ல் அந்தச் செய்தி அமெரிக்காவில் வெளியாகி ஊரே கொதித்தது. இரண்டு நாடுகளும் போர்ப் பிரகடனம் செய்யாமலே கடலில் 1800 வரை மோதிக்கொண்டன. பணம் வாங்கினால் செல்வாக்கு வளரும் என்பது பொய் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா? என் கேமில் பத்து பொன்னுக்கு ஐந்து புள்ளி வைத்திருந்தேனே, அந்த வரியை அன்றைக்கே அழித்தேன்.

1799 நவம்பரில் நெப்போலியன் ஆட்சியைப் பிடிக்க இவர் துணை நின்றார். நெப்போலியனிடம் படை இருந்தது, இவரிடம் பேச்சு இருந்தது. ஏழெட்டு ஆண்டு இருவரும் சேர்ந்தே போனார்கள். பிளவு எங்கே வந்தது? 1805-ல் நெப்போலியன் ஆஸ்திரியாவை நசுக்கினார். தோற்றவனை ரொம்ப அழுத்தாதீர்கள், அவனை நண்பனாக்கி ரஷ்யாவுக்கு எதிரே நிறுத்துங்கள் என்பது டாலிராண்டின் யோசனை. நெப்போலியன் கேட்கவில்லை. டிசம்பர் 26 அன்று பிரஸ்பர்க் உடன்படிக்கையில் ஆஸ்திரியாவிடமிருந்து வெனிஸ், டைரோல் பகுதிகளையும் பெரிய அபராதத்தையும் பிடுங்கினார். நான்கே ஆண்டில், 1809-ல், அதே ஆஸ்திரியா மறுபடி போருக்கு வந்தது.

யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4 என்ற கேமில் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அளவுக்கு மீறி நிலத்தைப் பிடித்தால் அக்கம்பக்க நாடுகளுக்கு உங்கள்மேல் கோபம் ஏறிக்கொண்டே போகும். ஓர் அளவைத் தாண்டினால் எல்லாரும் கூட்டணி சேர்ந்து வருவார்கள். நெப்போலியன் கதையும் அதுதான்.

1807-ல் டாலிராண்ட் அமைச்சர் பதவியை விட்டார். ஆனாலும் 1808-ல் எர்ஃபர்ட் நகரில் ரஷ்ய ஜார் அலெக்சாண்டரைச் சந்திக்கப் போனபோது நெப்போலியன் இவரைக் கூடவே அழைத்துப் போனார். அங்கே இவர் என்ன செய்தார்? தன் சக்கரவர்த்திக்குத் தெரியாமல் ஜாரைத் தனியே பார்த்து, நெப்போலியனுக்கு விட்டுக்கொடுக்காதீர்கள் என்று யோசனை சொன்னார். 1809 ஜனவரியில் நெப்போலியன் அரசவையில் பல பேர் முன்னால் இவரைக் கண்டபடி திட்டித் தீர்த்தார். இவர் முகம் மாறாமல் கேட்டுக்கொண்டு நொண்டி நொண்டி வெளியே போனாராம். பிறகு ஆஸ்திரியாவுக்குச் செய்தி சொல்லிப் பணமும் வாங்கினார்.

இது துரோகமா, இல்லை நாட்டை ஒரு போர்வெறியனிடமிருந்து காப்பாற்றும் முயற்சியா? எங்கள் ரூமில் இதைப் பற்றி இரவு ஒரு மணி வரை சண்டை. என் கருத்து இது: அவர் சொன்ன யோசனை நல்லது, அதற்குக் காசு வாங்கியது கேடு. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தன.

தோற்ற நாட்டின் பிரதிநிதி

1814 மார்ச் 31. ரஷ்ய, பிரஷ்யப் படைகள் பாரிசுக்குள் நுழைந்தன. ஜார் அலெக்சாண்டர் தங்கியது டாலிராண்ட் வீட்டில்! ஏப்ரல் 1 அன்று செனட் சபை இவரைத் தற்காலிக அரசின் தலைவராக்கியது. அடுத்த நாட்களில் நெப்போலியன் பதவி நீக்கப்பட்டார். பழைய அரச குடும்பத்து 18-ஆம் லூயி அரியணைக்கு வந்தார். மே 30 அன்று கையெழுத்தான பாரிஸ் உடன்படிக்கையில் பிரான்சுக்கு 1792-ஆம் ஆண்டு எல்லை கிடைத்தது. ஒரு காசு அபராதம் இல்லை. இருபது வருடமாக ஐரோப்பாவையே மிதித்த நாட்டுக்கு இது பெரிய சலுகை.

மீதிக் கணக்கைத் தீர்க்க வியன்னாவில் மாநாடு. செப்டம்பர் 23 அன்று டாலிராண்ட் அங்கே போய்ச் சேர்ந்தார். அதற்குள் ஆஸ்திரியா, ரஷ்யா, பிரஷ்யா, பிரிட்டன் நான்கும் தனியே கூடி, முக்கிய முடிவுகளை நாமே எடுப்போம், பிரான்சிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று பேசி வைத்திருந்தன. எங்கள் கேம் பாஷையில் சொன்னால் இவருக்குப் படை பூஜ்யம், பொன் பூஜ்யம். நாற்காலியைத் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போக வேண்டிய ஆட்டக்காரர்.

செப்டம்பர் 30 அன்று ஆஸ்திரிய அமைச்சர் மெட்டர்னிக் இருப்பிடத்தில் நடந்த கூட்டத்துக்கு இவரையும், ஸ்பெயினின் பிரதிநிதி லாப்ரடாரையும் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார்கள். நேச நாடுகளாகிய நாங்கள் இப்படி முடிவு செய்திருக்கிறோம் என்ற மாதிரி அது இருந்தது. டாலிராண்ட் அந்த நேச நாடுகள் என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார். போர் மே மாதமே முடிந்து சமாதானக் கையெழுத்தும் ஆகிவிட்டது, இப்போது யாருக்கு எதிராக நேசம் என்று கேட்டார். அடுத்து பாரிஸ் உடன்படிக்கையின் 32-ஆவது பிரிவை எடுத்தார். போரில் ஈடுபட்ட எல்லா நாடுகளும் பிரதிநிதிகளை அனுப்பும் பொது மாநாடு என்றுதான் அதில் எழுதியிருக்கிறது. நான்கு நாடுகள் மட்டும் முடிவெடுக்கலாம் என்று யார் எழுதினார்கள்? ஸ்பெயினும் ஒத்துப் பாடியது. நான்கு பேரும் விழித்தார்கள். அந்தக் காகிதம் வாபஸ் ஆயிற்று.

செய்தி வெளியே கசிந்ததும் சின்னச் சின்ன நாட்டுப் பிரதிநிதிகள் எல்லாம் இவர் பக்கம் பார்க்கத் தொடங்கினார்கள். முறைப்படி உரிமையுள்ள அரசுகளின் நிலத்தை, கைப்பற்றினேன் என்ற ஒரே காரணத்துக்காக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது இவர் வைத்த கொள்கை. பெரியவன் கையில் அகப்பட்டு நசுங்கும் சின்ன நாடுகளுக்கு அது அமிர்தமாக இருந்தது. பிரான்சுக்கும் அதில் லாபம் உண்டு. கொள்கையும் லாபமும் ஒரே திசையில் போனதுதான் இவர் கெட்டிக்காரத்தனம்.

ஓர் அலுவலகப் பலகை

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல அனுமதி வேண்டும்.

நான் பாலிடெக்னிக் சேர வந்த வருடம் ஒரு சான்றிதழுக்காக அப்பா ஓர் அலுவலகத்துக்கு மூன்று நாள் நடந்தார். மூன்று நாள் கூலி போச்சு. நாளைக்கு வா, நாளைக்கு வா என்றே பதில். நமக்கெல்லாம் என்னப்பா செல்வாக்கு இருக்கு, யாரையாவது தெரிஞ்சாத்தான் நடக்கும் என்று அப்பா வாசலில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் தெருவிலேயே இன்னும் இரண்டு வீட்டுக்காரர்கள் அதே காகிதத்துக்குத் தனித்தனியே அலைந்துகொண்டிருந்தார்கள்.

நான்காம் நாள் நானும் போனேன். அலுவலகச் சுவரில் ஒரு பலகை. எந்தச் சான்றிதழை எத்தனை நாளில் தர வேண்டும் என்று வரிசையாக எழுதியிருந்தது. எங்கள் நாள் எப்போதோ தாண்டியிருந்தது. மூன்று வீட்டுக்காரர்களையும் ஒன்றாகக் கூட்டிக்கொண்டு உள்ளே போனேன். மனு கொடுத்த தேதியையும் பலகையில் இருந்த நாளையும் ஒரு தாளில் எழுதி, சார், இதுக்கு ஒரு பதில் எழுதிக் கொடுங்க சார் என்று மட்டும் கேட்டேன். சத்தம் போடவில்லை. கை நடுங்கியது உண்மை. அன்று சாயங்காலம் மூன்று பேருக்கும் சான்றிதழ் கிடைத்தது.

அப்போது டாலிராண்ட் யாரென்றே எனக்குத் தெரியாது. வியன்னாக் கூட்டத்தைப் படித்தபோது அந்தப் பலகைதான் கண்முன் வந்தது. எழுதி வைத்த விதி ஒன்று, தனித்தனியே அலைந்தவர்கள் ஒன்றாக நிற்பது இரண்டு. படை இல்லாதவனுக்கு இவைதான் செல்வாக்கு.

இரண்டு பேர் பயத்துக்கு நடுவே

வியன்னா மாநாட்டின் பெரிய சண்டை போலந்தும் சாக்சனியும். போலந்து முழுக்க எனக்கு என்றார் ஜார். அதற்குச் சம்மதித்த பிரஷ்யா, சாக்சனி முழுக்க எனக்கு என்றது. சாக்சனி மன்னர் கடைசி வரை நெப்போலியன் பக்கம் நின்று, 1813-ல் லைப்சிக் போரில் சிறைப்பட்டவர். ஆஸ்திரியாவின் மெட்டர்னிக்குக்கும் பிரிட்டனின் காஸில்ரேக்கும் இது பிடிக்கவில்லை. இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. ஐந்தாவது நாடு எது? தோற்றுப்போன பிரான்ஸ்!

1815 ஜனவரி 3 அன்று ஆஸ்திரியா, பிரிட்டன், பிரான்ஸ் மூன்றும் ஒரு ரகசிய உடன்படிக்கை செய்துகொண்டன. எங்களில் யாரையாவது தாக்கினால் ஆளுக்கு 1,50,000 வீரர் தருவோம் என்பது அதன் சாரம். ஒன்பது மாதத்துக்கு முன் பாரிசைப் பிடித்த கூட்டணி உடைந்து, அதில் இருவர் பிரான்சோடு கைகோத்துவிட்டார்கள். நான்கு பேர் குழு ஐந்து பேர் குழு ஆனது. போர் நடக்கவே இல்லை. ரஷ்யாவும் பிரஷ்யாவும் இறங்கி வந்தன. சாக்சனி மக்கள்தொகையில் சுமார் ஐந்தில் இரண்டு பங்கு மட்டும் பிரஷ்யாவுக்குப் போனது, மீதி அதன் மன்னருக்கே திரும்பியது.

ஆனால் எந்த வெற்றிக்கும் ஒரு விலை உண்டு. சாக்சனியில் குறைந்ததற்கு ஈடாகப் பிரஷ்யாவுக்கு ரைன் நதிக்கரை நிலம் கிடைத்தது. பிரான்சின் வாசலிலேயே ஒரு பலசாலி வந்து குடியேறிவிட்டான். 1870-ல் அந்தப் பிரஷ்யாவோடு போரிட்டுப் பிரான்ஸ் தோற்றபோது டாலிராண்டைக் குறை சொன்னவர்கள் பலர்.

1815 மார்ச்சில் நெப்போலியன் எல்பா தீவிலிருந்து தப்பிப் பிரான்சில் இறங்கினார். பாரிஸ் அரண்மனையில் அந்த ரகசிய உடன்படிக்கையின் பிரதி அவர் கையில் சிக்கியது. கூட்டணியை உடைக்கலாம் என்று அதை ஜாருக்கு அனுப்பினார். ஜாருக்குக் கோபம்தான். ஆனாலும் பொது எதிரி திரும்பி வந்திருக்கும்போது பழைய கணக்கைப் பேசவில்லை. ஜூன் 9 அன்று மாநாட்டு முடிவுகள் கையெழுத்தாயின. ஜூன் 18 அன்று வாட்டர்லூவில் நெப்போலியன் முடிந்தார்.

இந்த நூறு நாள் கூத்துக்குப் பிரான்ஸ் கொடுத்த விலை என்ன? அந்த ஆண்டு நவம்பரில் இரண்டாவது பாரிஸ் உடன்படிக்கை. எல்லை 1790-க்குச் சுருங்கியது, 70 கோடி பிராங்க் அபராதம், அந்நியப் படை நாட்டுக்குள் உட்கார்ந்தது. முதல் உடன்படிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பேச்சால் சேர்த்தது பாதி, படையால் ஒரே வாரத்தில் போயிற்று. டாலிராண்ட் செப்டம்பரிலேயே பதவி விலகிவிட்டார்.

கடைசி நாட்கள்

பதினைந்து ஆண்டு ஓரமாக இருந்தார். 1830-ல் மறுபடி புரட்சி, புது மன்னர் லூயி பிலிப். 76 வயதில் லண்டனுக்குத் தூதராகப் போனார். அப்போது பெல்ஜியம் ஹாலந்திலிருந்து பிரிந்து நின்றது. பெரிய நாடுகள் புகுந்தால் ஐரோப்பா மறுபடி பற்றி எரியும். லண்டன் மாநாட்டில் மற்றவர்களோடு உட்கார்ந்து, பெல்ஜியம் தனி நாடாக, யார் பக்கமும் சேராத நாடாக அமைய வழி செய்தார். 1834-ல் ஓய்வு. 1838 மே 17 அன்று 84 வயதில் காலமானார். சாகும் நாள் காலையில்தான் சர்ச்சோடு சமாதானக் கையெழுத்துப் போட்டார். அதிலும் நேரம் பார்த்துத்தான் போட்டார் என்று பாரிஸ் சிரித்ததாம்.

எங்கள் கேம் என்ன ஆனது?

இந்த வாழ்க்கையைப் படித்த பிறகு என் கோடிங்கில் மூன்று மாற்றம் செய்தேன்.

முதலாவது, அங்கீகாரம். படையால் ஒரு நகரத்தைப் பிடிக்கலாம், ஆனால் பத்து சுற்றுக்கு ஒருமுறை கூடும் மாநாடு ஏற்றுக்கொள்ளும் வரை அதில் பாதி வரிதான் வரும். தோற்ற நாட்டுக்கும் மாநாட்டில் ஓர் ஓட்டு உண்டு. சார் கேட்ட கேள்விக்கு இதுதான் என் ஒரே வரிப் பதில்: செல்வாக்கு இல்லாவிட்டால் ஜெயித்தது உனக்குச் சொந்தமாகாது.

இரண்டாவது, செல்வாக்கைக் காசுக்கு விற்பதில்லை. ஒரு நாட்டுக்கு இன்னொரு நாட்டின்மேல் எவ்வளவு பயம் என்று ஒவ்வொரு ஜோடிக்கும் ஓர் எண் வைத்தோம். இரண்டு பக்கமும் சமமாக நிற்கும்போது நடுவில் நிற்பவனின் மதிப்பு தானாக ஏறும். நீங்கள் அதிகம் பிடிக்கப் பிடிக்க உங்கள்மேல் பயம் ஏறி, உங்கள் எதிரிகள் ஒன்று சேர்வார்கள்.

மூன்றாவது, வாக்குறுதி. ரகசிய உடன்படிக்கை செய்யலாம். ஆனால் அது என்றாவது ஒருநாள் வெளியே வரலாம். வாக்கு மீறினால் உங்கள் அடுத்த வாக்குக்குப் பாதி மதிப்புதான். 1959-ல் வெளியான டிப்ளமசி என்ற பலகை ஆட்டத்தில் பகடையே கிடையாது. ஏழு வல்லரசுகள், பேச்சு மட்டும்தான், கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயமும் இல்லை. அங்கே ஏமாந்தவனின் ஞாபகமே தண்டனை. கம்ப்யூட்டருக்கு அந்த ஞாபகத்தை நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

மறுபடி அதே தம்பிகளைக் கூப்பிட்டோம். சென்ற முறை எழுந்து போன பையன் இந்த முறையும் சீக்கிரமே படையை இழந்தான். ஒரே ஒரு நகரம் மிச்சம். ஆனால் எழுந்திருக்கவில்லை. இரண்டு பெரிய நாட்டுக்காரர்களும் மாறி மாறி அவன் நாற்காலி பக்கம் குனிந்து, டேய் எனக்கு ஓட்டுப் போடுடா என்று கெஞ்சினார்கள். பெல் அடித்த பிறகும் உட்கார்ந்திருந்தான். அவன் ஜெயிக்கவில்லை. ஆனால் யார் ஜெயிப்பது என்பதை அவன்தான் முடிவு செய்தான். சார் ஒன்றும் சொல்லவில்லை, என் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

முடிவுரை

நண்பர்களே, டாலிராண்டிடம் பின்பற்றக் கூடாதவை நிறைய. லஞ்சம் வாங்கினார், எஜமானர்களை மாற்றிக்கொண்டே இருந்தார். அவையெல்லாம் நமக்கு வேண்டாம். கற்றுக்கொள்ள வேண்டியவை மூன்று. எழுதிய விதியைப் படித்துவிட்டுப் போ. உன்னைப்போல நிற்பவர்களைச் சேர்த்துக்கொள். ஜெயித்தாலும் தோற்றவனை எழுந்திருக்க முடியாதபடி மிதிக்காதே.

நாளைக்கு நம்மில் பலர் கம்பெனிக்குப் போவோம், சிலர் லேட்டரல் என்ட்ரியில் பி.இ. போவோம். நமக்குப் பின்னால் பெரிய ஆள் யாரும் இல்லை என்று யாராவது தயங்கி நின்றால், வியன்னாவில் வெறுங்கையோடு வந்து உட்கார்ந்த அந்த நொண்டிக்கால் கிழவரை நினைத்துக்கொள்ளுங்கள். போன வாரம் ஊருக்குப் போனபோது அப்பாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, அந்த ஆள் காசு மட்டும் வாங்காம இருந்திருக்கலாம்ப்பா என்றார். நான் இவ்வளவு பக்கத்தில் எழுதியதை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.



மூன்றாம் ஆண்டு மாணவன்,
கணினிப் பொறியியல் பிரிவு